முற்றத்துச் செடியும் வாயில்லா ஜீவனும்

இல்லமும் தோட்டமும்



சோமனூரிலிருந்து தாய் ஒருவர் இப்பகுதிக்கு மடல் வரைந்துள்ளார். புது வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார்கள். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். முன்புறத் திண்ணையிலும் மாடிப்படியிலும் தொட்டிச் செடிகள் வைத்து அழகு செய்ய வேண்டும் என்பது மகளின் ஆசை. வீட்டில் ஒரு நாயும், பாவு நூலை எலி கடிக்காதிருக்கும் பொருட்டு வளர்க்கும் ஒரு பூனையும், இரண்டு வெள்ளாடுகளும் உள்ளன. சென்ற ஆண்டு, பக்கத்து மனையில் கழித்துப் போட்ட அரளிக் கிளையைத் தின்ற ஆட்டுக்குட்டி ஒன்று ஒரே இரவில் மாண்டுவிட்டதாம். "எவற்றை வைக்கலாம், எவற்றை விலக்க வேண்டும் என்று எழுதுங்கள். இன்னோர் உயிர் எங்கள் அறியாமையால் போகக்கூடாது" என்று மடலை முடித்திருக்கிறார்.

இது அவர் ஒருவருக்கு மட்டும் உரிய கவலை அன்று. கருமத்தம்பட்டி முதல் பல்லடம் வரை, தறியும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் வாழும் இல்லங்கள் பல்லாயிரம். கூலி நெசவு தளரும் மாதங்களில், தொழுவத்து ஆட்டை விற்றுப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்திய தாய்மார் நம் பங்குகளில் அநேகர். அவர்களுக்கு ஓர் ஆடு மாள்வது சிறு செய்தி ஆகாது. நாயும் பூனையும் பணம் ஈட்டித் தருவதில்லை என்றாலும், பிள்ளைகளின் கண்ணீரை யார் விலை பேச இயலும்? ஆதலால் இம்மாதப் பகுதி முழுவதையும் இப்பொருளுக்கே ஒதுக்குகிறோம்.

விலங்கு தானே அறிந்துகொள்ளாதா?

"ஆடு எல்லாவற்றையும் தின்னும், ஆனால் நஞ்சைத் தொடாது" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளில் தாயுடன் சுற்றித் திரிந்து மேயும் குட்டி, எதைக் கடிக்கலாம், எதை விலக்க வேண்டும் என்பதைத் தாயைப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. அங்கு வயிறு நிறையக் கொழுக்கட்டைப் புல்லும், நிழலுக்கும் தீனிக்கும் வெள்வேல மரமும் உண்டு. வேலியாக நிற்பது கிளுவை. அதன் தழையை ஆடு கடித்தாலும் கேடில்லை. நம் முன்னோர், கால்நடை எட்டும் இடத்தில் கால்நடைக்கு ஒவ்வாததை நடாமல், வேலியையும் தீனியையும் ஒருசேர நினைத்தே நட்டார்கள்.

ஆனால் இன்றைய இல்லத்தின் நிலை வேறு. கட்டிப் போட்ட ஆடு பசியால் எட்டியதைத் தின்னும். பசுமையாக இருக்கையில் கசக்கும் அரளி இலை, வெட்டி வாடியபின் கசப்புக் குறைந்து நாவுக்கு ஏற்றதாகிவிடுகிறது. நஞ்சோ சிறிதும் குறைவதில்லை. நாய்க்குட்டியும் பூனைக்குட்டியும் பசிக்காக அன்றி விளையாட்டாகவே கடிக்கும். அன்றியும், நாம் கடையில் வாங்கும் தொட்டிச் செடிகளிற் பெரும்பாலானவை மெக்சிகோ, பிரேசில், ஆப்பிரிக்கா போன்ற தூர நாடுகளைச் சேர்ந்தவை. அவற்றைப் பற்றிய அறிவு நம் ஊர் விலங்குகளின் வழிவழிப் பழக்கத்தில் இல்லை. ஆகவே அறிய வேண்டிய பொறுப்பு நம்முடையதாகிறது.

இன்னொன்றையும் உணர வேண்டும். எல்லா விலங்குக்கும் எல்லாம் நஞ்சாவதில்லை. நாயும் பூனையும் ஒவ்வாததை வாந்தி எடுத்து வெளியேற்றும். ஆடுமாடுகளுக்கு அந்த வழி பெரும்பாலும் இல்லை. உண்டது பெருவயிற்றிலேயே தங்கி ஊறும். பூனையின் ஈரலுக்கோ, பிற விலங்குகளின் ஈரல் எளிதில் முறித்துவிடும் சில பொருள்களை முறிக்கும் ஆற்றல் குறைவு. ஆகையால் "நாய் தின்றது, ஒன்றும் ஆகவில்லை, பூனைக்கும் ஆகாது" என்று எண்ணிவிடலாகாது.

அரளி: முதலில் அறிய வேண்டியது

செவ்வரளி, வெள்ளரளி இரண்டும் ஒரே இனம். மஞ்சள் பூப் பூக்கும் பொன்னரளி அதன் உறவினம். இவை அனைத்தின் இலை, பூ, பட்டை, வேர், விதை ஆகிய எல்லாமே நஞ்சு. இந்நஞ்சு இதயத்தைத் தாக்குவது. துடிப்பின் ஒழுங்கைக் குலைத்து, இறுதியில் நிறுத்திவிடும். பத்து முதல் இருபது இலைகளே வளர்ந்த மாடொன்றை வீழ்த்தப் போதும் என்று கால்நடை மருத்துவ நூல்கள் கூறுகின்றன. ஆட்டுக்குட்டிக்கு எத்துணை குறைவாகப் போதும் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கேரளத்தில் இளம்பெண் ஒருவர் அரளியை அறியாது மென்றதனால் மாண்டார் என்று ஐயம் எழுந்தது. அதனை அடுத்துப் பத்தனம்திட்டா மாவட்டத்தில் அரளித் தழையைத் தின்ற பசுவும் கன்றும் மாண்ட செய்தியும் வெளிவந்தது. அதன் விளைவாக, அதே ஆண்டு மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் தன் கோவில்களின் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்ப்பதை நிறுத்தியது. காலங்காலமாகப் புழங்கிய பூ ஒன்றை ஒரு பெரிய நிறுவனமே விலக்க முன்வந்தது என்றால், நம் வீட்டு வாசலைப் பற்றி நாமும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது முறையல்லவா?

நெடுஞ்சாலைகளின் நடுவே அரளி வளர்ப்பதில் குற்றமில்லை. அது வறட்சியைத் தாங்கும், கால்நடை மேயாது. சேலம் வட்டாரத்தில் மாலைக்காக அதனைப் பயிரிட்டுப் பிழைக்கும் உழவர்களும் பலர். நாம் கவனிக்க வேண்டியது கழித்துப் போடும் கிளையைத்தான். வேலி அரளியைக் கவாத்து செய்பவர், வெட்டிய தழையை ஆடுமாடு எட்டாதபடி குழியில் இட்டு மூட வேண்டும். எரிக்கலாகாது, புகையும் தீங்கு செய்யும். வாடிய அரளி மாலையைத் தொழுவத்தருகே எறிதலும் கூடாது. அரளிக் குச்சியை ஆட்டுக்கு முளையாக அடிப்பதும், பிள்ளைகள் பல் துலக்கக் கடிப்பதும் அறவே ஆகாதவை.

இக்காலத்தில் மாடிகளில் பெருகிவரும் அடினியம் என்னும் பாலைவன ரோஜாவும் அரளிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. குண்டு அடித்தண்டும் அழகிய பூவும் கொண்டது. அதன் பாலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சே. அதனை வைத்தே தீர வேண்டும் என்பவர்கள், எந்த விலங்கும் எட்டாத உயரத்தில் வைக்கட்டும்.

பூனையும் லில்லியும்

மேனாட்டார் பூனையை வீட்டினுள் வைத்து வளர்ப்பவர்கள். அவர்களுக்கே 1990ஆம் ஆண்டையொட்டித்தான் இவ்வுண்மை தெளிவாயிற்று: லில்லிப் பூ பூனையின் சிறுநீரகத்தை அழித்துவிடும். நீலகிரியில் பசுமைக் குடில்களில் வளர்த்து நகரத்துப் பூக்கடைகளுக்கு அனுப்பப்படும் பெரிய எக்காள வடிவ லில்லிகளையே இங்குக் குறிப்பிடுகிறோம். புனித சூசையப்பரின் கையில் ஓவியர்கள் தீட்டும் வெண்ணிற லில்லியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. திருமண வீட்டிலும், திருநாளிலும், இல்லத்துப் பீடத்தில் மாதா சுரூபத்தின் முன்னும் இப்பூக்களை வைக்கும் வழக்கம் இப்போது பரவி வருகிறது.

பூனை இலையின் சிறு துண்டைக் கடித்தாலும் போதும். உடம்பில் ஒட்டிய மகரந்தத் தூளை நக்கினாலும் போதும். பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலும் போதும். முதலில் வாந்தியும் உமிழ்நீர் ஒழுகுதலும் தோன்றும். சில மணி நேரத்தில் அவை தணிந்து, பூனை தேறிவிட்டதைப்போல் காட்சியளிக்கும். இதுவே ஏமாற்றம் தரும் கட்டம். ஒன்றிலிருந்து மூன்று நாள்களுக்குள் சிறுநீரகம் செயலிழந்துவிடும். கடித்த 18 மணி நேரத்திற்குள் மருத்துவரிடம் கொண்டுசென்று நரம்பு வழியே நீர்மம் ஏற்றத் தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. காலம் தாழ்ந்தால் அவ்வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும். நாய்க்கு இதே பூவால் சிறுநீரகக் கேடு நேர்வதில்லை.

பெயரைக் கண்டு மயங்கவும் வேண்டாம். 'பீஸ் லில்லி' என விற்கப்படும் வெண்மடல் செடி உண்மையில் சேம்பின் உறவினம். அது வாயை எரிக்கும், சிறுநீரகத்தைத் தொடாது. ஆகவே கடையில் வாங்கும்போது எந்த லில்லி என்று கேட்டறிவது நலம். பூனை உள்ள வீட்டில் பீடத்துச் சாடிக்கு ரோஜாவும் மல்லிகையும் போதும். அவற்றின் மணத்திற்கு என்ன குறை?

நமைச்சல் செடிகள்

காறுகருணையைப் புளி சேர்க்காமல் சமைத்தால் நாவும் தொண்டையும் எப்படி அரிக்கும் என்பதை நம் தாய்மார் அறிவார்கள். அதற்குக் காரணம், கிழங்கில் உள்ள ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள். அதே படிகங்கள்தாம் மணி பிளாண்ட், டிஃபன்பாக்கியா, கலாடியம், பீஸ் லில்லி, சேம்பு ஆகியவற்றின் இலையிலும் நிறைந்துள்ளன. நாயோ பூனையோ ஒருமுறை கடித்தால் வாய் எரிந்து, நாக்கு வீங்கி, எச்சில் ஒழுக, முன்காலால் முகத்தைத் தேய்த்துக்கொள்ளும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஒருமுறை பட்ட விலங்கு மறுமுறை நெருங்காது. எனினும் தொண்டை வீங்கி மூச்சுத் திணறினால் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

ஆகவே மணி பிளாண்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஊறுகாய்ப் பாட்டிலில் நீர் ஊற்றி வளர்ப்பவர்கள் அதனைச் சன்னலின் மேற்புறத்தில் தொங்கவிட்டு, கொடி தரையைத் தொடாமல் கத்தரித்துவிட்டால் போதும். தவழும் குழந்தை உள்ள வீட்டிற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மருந்தென வளர்ப்பவை

நம் வீடுகளில் வைத்தியத்திற்கென்றே வைத்திருக்கும் செடிகள் சில உண்டு. மனிதர்க்கு மருந்தாவது விலங்கிற்கும் நலமே செய்யும் என்று கருதுவது பிழை.

ஓமவல்லி, அதாவது கற்பூரவல்லி, குழந்தையின் சளிக்குக் கைகண்டது. நாயும் பூனையும் அதன் இலையை மிகுதியாகத் தின்றால் வாந்தியும் பேதியும் காணும். சோற்றுக் கற்றாழையின் உள்ளிருக்கும் சதையைவிட, தோலுக்கடியில் கசியும் மஞ்சள் நிறப் பாலே கேடு செய்வது. அதுவும் கழிச்சலை உண்டாக்கும். சிறுநீரகக் கல்லுக்கென்று பலரும் வைத்திருக்கும் ரணகள்ளி இவற்றினும் கடுமையானது. அரளியைப் போன்றே இதயத்தைத் தாக்கும் பொருள் அதில் உண்டு. நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய்க்குச் சிறந்த மருந்து எடுக்கிறார்கள். அத்தகைய ஆற்றல் வாய்ந்த மருந்தைத் தரும் செடியை ஆட்டுக்குட்டி மேய விடலாமா?

நம் மாநில மலராகிய செங்காந்தளையும் குறிப்பிட வேண்டும். கண்வலிக்கிழங்கு என்னும் பெயரால் மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் விதைக்காகப் பயிரிடப்படுவது இதுவே. மருந்து நிறுவனங்கள் இதனை விரும்பி வாங்குவதற்குக் காரணமான கோல்சிசின் என்னும் பொருளே இதன் நஞ்சும் ஆகும். கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. தோட்டத்தில் மண்ணைக் கிளறும் நாயுள்ள வீட்டில் அழகுக்காக இதனை நடுவது தகாது.

இவை எல்லாவற்றினும் நாய்க்குக் கொடியது, சைகஸ் என்னும் குட்டைப் பனை போன்ற செடி. திருமண மண்டபங்களிலும் புது வீட்டு வாசல்களிலும் இரு புறமும் வைக்கிறார்கள். அதன் கொட்டைகளில் ஒன்றிரண்டே நாயின் ஈரலை அழிக்க வல்லவை. மருத்துவம் செய்தும் பல நாய்கள் பிழைப்பதில்லை. நாய் உள்ள வீட்டிற்குச் சைகஸ் வேண்டவே வேண்டாம்.

கிறிஸ்துமஸ் காலச் செடிகள்

திசம்பர் மாதத்தில் செந்நிற இலைகளுடன் விற்பனைக்கு வரும் பாயின்செட்டியாவைக் கொடிய நஞ்சு என்று பலர் அஞ்சுகிறார்கள். அவ்வச்சம் மிகைப்பட்டது. அதன் பால் வாயையும் வயிற்றையும் சிறிது உறுத்தும், அவ்வளவே. கிறிஸ்துவின் முள்முடி என்று பெயர் பெற்று நம் கெபிகளின் அருகில் வளர்க்கப்படும் முட்செடியும் அக்குடும்பமே. அதன் பால் கண்ணில் படாதிருக்க வேண்டும், கவாத்து செய்தபின் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். இவ்விரண்டையும் வீட்டில் வைத்துக்கொள்ளத் தடையில்லை, விலங்கு மெல்லாதபடி சற்று உயர்த்தி வைத்தால் போதும்.

ஆடுமாடுகளுக்கு மேலும் சில

தொட்டிச் செடியைப் பற்றிப் பேசுகையில் தீனியைப் பற்றியும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஏனெனில் நம் பகுதியில் கால்நடைகள் அழகுச் செடியால் மாள்வதைப்போலவே இளஞ்சோளப் பயிராலும் மாள்வதுண்டு. முழங்கால் அளவுக்கும் குறைந்த சோளப் பயிரிலும், மழையின்றி வாடிக் குன்றிய பயிரிலும், அறுத்தபின் துளிர்த்த மறுதாம்பிலும் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் மிகுந்திருக்கும். மாட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதனை விரைந்து பிரித்து நஞ்சை வெளிவிடுகின்றன. தின்ற சில நிமிடங்களிலேயே மூச்சு இறைத்து, தள்ளாடி விழும். மருத்துவர் உடனே வந்து ஊசி செலுத்தினால் காப்பாற்றலாம். பூத்து முற்றிய பயிரையும், நன்கு உலர்ந்த சோளத்தட்டையும் அச்சமின்றித் தரலாம். மரவள்ளித் தழைக்கும் தோலுக்கும் இதே எச்சரிக்கை உரியது.

உண்ணிச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாக வந்து, பின் நாடெங்கும் காடாகப் பரவியது. அதனைத் தின்ற மாட்டின் ஈரல் கெட்டு, வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்து உரியும். ஓடைக்கரைகளில் ஊதாப் பூவுடன் நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கை நாள்தோறும் மேயும் ஆடு, சில வாரங்களில் நடுக்கமும் பின்கால் தளர்ச்சியும் கொண்டு மெலிந்துபோகும். இவ்விரண்டையும் வேலியோரத்திலிருந்து வேருடன் களைவதே நலம்.

அப்படியானால் எதை வளர்ப்பது?

இவ்வளவையும் படித்தபின் "செடியே வேண்டாம்" என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டாம். தீங்கற்ற செடிகள் ஏராளம். அவற்றிற் பல நம் பாட்டிமார் முற்றத்தில் இருந்தவையே.

பூச்செடிகளில் மல்லிகை, முல்லை, ஜாதிமல்லி, ரோஜா, செம்பருத்தி, காசித்தும்பை, கோழிக்கொண்டை, ஜினியா ஆகியவற்றை நம்பி வளர்க்கலாம். ஆனால் இரவில் மணம் வீசும் இரவுராணியை மல்லிகை இனம் என்று எண்ணி ஏமாற வேண்டாம். அது கத்தரிக் குடும்பத்துச் செடி, கால்நடைக்கு ஆகாதது.

வீட்டினுள் நிழலில் வளர்ப்பதற்கு அரிகா பனை, ஸ்பைடர் பிளாண்ட், பாஸ்டன் பெரணி, கலாத்தியா, பெப்பரோமியா ஆகியவை ஏற்றவை. நாயோ பூனையோ ஓர் இலையைக் கடித்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. சைகஸுக்குப் பதிலாக அரிகா பனை, கற்றாழைக்குப் பதிலாக அதே சாயல் கொண்ட ஹாவொர்த்தியா என்று மாற்றிக்கொண்டால் அழகும் குறையாது. அஸ்பராகஸ் ஃபெர்ன் என விற்பது பெரணியே அன்று. அதன் சிவந்த காய்கள் வயிற்றுக்கு ஒவ்வாதவை. பெயர் ஒற்றுமையால் ஏமாறலாகாது.

ஆடு வளர்க்கும் வீடுகளில் காம்பவுண்டு ஓரத்தில் அகத்தியும் முருங்கையும் வைத்தால், வீட்டுக்குக் கீரையும் ஆட்டுக்குத் தழையும் கிடைக்கும். கிளுவை வேலியை மறந்துவிட்ட நாம் அதனை மீண்டும் நினைவு கூர்வதும் நன்று.

நாயும் பூனையும் இடையிடையே புல்லைக் கடிப்பது இயற்கை. அவ்விருப்பத்தைத் தடுக்க முயல்வதைவிட, ஒரு தொட்டியில் அருகம்புல்லை வளர்த்து அவற்றிற்கென்றே விட்டுவிட்டால், பிற செடிகளை நாடுவது பெரிதும் குறையும். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று பெயர் வைத்த நம் முன்னோர், அதன் வேரைக் கண்ட பூனை மயங்கிப் புரள்வதைக் கூர்ந்து நோக்கியே அப்பெயரிட்டனர். அத்தகைய கூர்மை நமக்கும் வேண்டும்.

செடி நலமாயினும் மண் நலமா?

பலரும் எண்ணிப் பாராத ஆபத்து ஒன்று தொட்டி மண்ணிலேயே இருக்கிறது. ஆமணக்குப் பிண்ணாக்கைச் செடிக்கு உரமாக இடுகிறோம். அதன் வாசனை நாய்க்கு மிகவும் பிடித்தமானது. நஞ்சு முறிக்கப்படாத பிண்ணாக்கை நாய் தோண்டித் தின்றால் கடும் வாந்தியும் இரத்தப் பேதியும் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். எலும்புத் தூளும் நாயை ஈர்க்கும். ஆகவே விலங்குள்ள வீட்டில் மக்கிய தொழு உரமும் மண்புழு உரமுமே சிறந்தவை.

பருத்திக் காட்டுக்கு வாங்கிய குருணை மருந்தில் ஒரு பிடியை ரோஜாத் தொட்டியில் இடும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. இதனைவிடப் பெருந்தவறு வேறில்லை. நாய்க்கும் கோழிக்கும் மட்டுமன்றி, மண்ணில் விளையாடும் குழந்தைக்கும் அது எமனாகும்.

தின்றுவிட்டால் செய்ய வேண்டியவை

எத்துணை கவனமாக இருப்பினும் தவறு நேரலாம். அப்போது பதறாமல் பின்வருமாறு செய்க.

1. மிஞ்சியிருக்கும் செடியை அகற்றி, வாயில் ஒட்டியிருப்பதை எடுத்து, ஈரத் துணியால் துடைத்துவிடுக. பூனையின் உடலில் லில்லி மகரந்தம் இருந்தால், அது நக்குமுன் கழுவிவிடுக.

2. தின்ற நேரத்தையும், ஏறத்தாழ எவ்வளவு தின்றது என்பதையும் குறித்துக்கொள்க. செடியின் கிளை ஒன்றைப் பையிலிட்டு உடன் எடுத்துச் செல்க. மருத்துவருக்கு இதைவிடச் சிறந்த உதவி வேறில்லை.

3. உப்புநீர், எண்ணெய், புளிக்கரைசல், முட்டை ஆகியவற்றை வாயில் ஊற்றாதீர்கள். மயங்கிய விலங்கின் மூச்சுக்குழலில் அது புகுந்து, நஞ்சுக்கு முன் அதுவே கொன்றுவிடும். வாந்தி எடுக்கச் செய்வதா வேண்டாமா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

4. அறிகுறி தோன்றட்டும் என்று காத்திராதீர்கள். அரளிக்கும் லில்லிக்கும் சைகஸுக்கும் காத்திருத்தலே மரணம்.

5. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை நாடுங்கள். 1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் அழைத்தால் கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியின் உதவியைப் பெறலாம். நோய் முற்றிய நிலையில் பெரிய மருத்துவம் தேவைப்படுவோர்க்கு 1985இல் நிறுவப்பட்ட நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. 2020இல் உடுமலைப்பேட்டையிலும் அத்தகைய கல்லூரி தொடங்கப்பெற்றுள்ளது.

மருந்தகத்தின் எண்ணை இன்றே ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவின் பின்புறம் ஒட்டி வைத்தல் நலம். தறி ஓடும் இரைச்சலில், இரவு வேலையில், எண்ணைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது.

ஒரு ஞாயிறு மாலைப் பணி

இறுதியாக எளிய யோசனை ஒன்று. வரும் ஞாயிறு மாலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். ஒவ்வொரு செடியின் பெயரையும் பிள்ளைகளே ஒரு நோட்டில் எழுதட்டும். கிள்ளினால் பால் வடியும் செடிகளைத் தனியே குறிக்கச் சொல்லுங்கள். பால் வடிவன எல்லாம் நஞ்சல்ல, நஞ்சனைத்தும் பால் வடிப்பதும் அல்ல. லில்லியிலும் சைகஸிலும் அத்தகைய பால் இல்லை. ஆயினும் ஐயப்பட வேண்டியவற்றைப் பிரித்தறிய அது நல்ல தொடக்கம். பிறகு பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்: தரையில் இருக்கலாம் என்பவை, தொங்கவிட வேண்டியவை, வீட்டை விட்டு அகற்ற வேண்டியவை. பெயர் தெரியாத செடி இருந்தால், தெரியும் வரை அதனை மூன்றாம் வரிசையிலேயே வையுங்கள்.

அவ்வாறு அகற்றும் செடியைப் பக்கத்து மனையில் எறிந்துவிடாதீர்கள். அங்கும் ஓர் ஆடு கட்டியிருக்கும், அதன் பாலை நம்பி ஒரு குழந்தையும் இருக்கும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். தனக்கு நேர்வதை எடுத்துரைக்க வாயில்லாத உயிருக்கு, அதனை வளர்ப்பவரின் கண்ணும் கருத்துமே காவல்.